மூட்டை கட்டத் தெரியுமா உங்களுக்கு?

- மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன்

மூன்றாம் ஆண்டு வந்து விட்டாலே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ப்ராஜெக்ட் என்னப்பா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எங்கே வாங்குறீங்க?" இந்த இரண்டுக்கும் நடுவில் "எப்படிச் செய்யப் போறீங்க?" என்று ஒரு கேள்வி இருந்திருக்க வேண்டும். அதைக் கேட்பார் யாரும் இல்லை. இந்த ஆண்டு மலரில் எனக்குக் கிடைத்த பக்கத்தை அந்த நடுக் கேள்விக்காகவே செலவிடுகிறேன் நண்பர்களே!

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். கம்ப்யூட்டர் பிரிவில் படிக்கும் ஒவ்வொரு டீமும் சி மொழியில் ஒரு சின்ன ஆர்க்கைவ் புரோகிராம் எழுத வேண்டும். பல கோப்புகளை ஒரே கோப்பாக மூட்டை கட்டி, வேண்டும்போது அவிழ்த்துத் தரும் புரோகிராம். சுருக்குகிற வேலைகூட வேண்டாம். ஒழுங்காகக் கட்டினால் போதும், ஒழுங்காக அவிழ்த்தால் போதும். ஆனால் அதற்கான டேட்டா ஸ்ட்ரக்சரை ஒவ்வொரு பைட்டாக நாமே பேப்பரில் போட வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அதற்குப் பிறகுதான்.

சீட்டும் லிஸ்டும்

என் அப்பா ஒரு லாரி பார்சல் ஆபீஸில் லோடு ஏற்றி இறக்குபவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். நான் என்ன படிக்கிறேன் என்பதை வீட்டில் புரிய வைக்க எனக்குக் கை கொடுத்தது இந்த ஆர்க்கைவ் விஷயம் ஒன்றுதான். லாரியில் ஏறும் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சீட்டு இருக்கும்: யாருக்கு, எந்த ஊருக்கு, எத்தனை கிலோ. டிரைவர் கையில் மொத்த லோடுக்கும் ஒரு லிஸ்ட் இருக்கும். "சீட்டு இல்லாத மூட்டைய ஏத்தி விட்டா, இறக்குற ஊர்க்காரன் என்னப்பா பண்ணுவான்?" என்று அப்பா கேட்டார். ஆர்க்கைவ் கோப்பின் முழுத் தத்துவமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது! சீட்டுக்கு நம் பாஷையில் ஹெடர் என்று பெயர். லிஸ்டுக்கு டைரக்டரி என்று பெயர். இறக்குகிற ஆள் நம்மைப் பார்த்ததே இல்லை. அவனுக்கு நாம் விட்டுச் செல்வது சீட்டும் லிஸ்டும் மட்டும்தான்.

பெரியவர்கள் கட்டிய இரண்டு மூட்டைகள்

யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு 1979-ல் வந்தபோது அதோடு வந்தது 'டார்'. டேப்பில் சேமிப்பதற்காகச் செய்தது. அதன் கணக்கு எல்லாம் 512 பைட் கட்டங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு சீட்டு. அதில் பெயருக்கு 100 பைட், கோப்பின் அளவுக்கு 12 பைட், கடைசியாகத் திருத்திய நேரத்துக்கு 12 பைட் என்று இடம் பிரித்து வைத்தார்கள். 10 பைட் உள்ள கோப்பைக் கட்டினாலும் சீட்டுக்கு 512, சரக்குக்கு 512 என 1024 பைட் போய் விடும். வீண்தான். ஆனால் டேப்பை முன்னும் பின்னும் ஓட்டாமல், முதலிலிருந்து ஒரே ஓட்டமாகப் படித்துக் கொண்டே அவிழ்க்கலாம்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டார் சீட்டில் எண்களை எழுத்தாகவே எழுதினார்கள், எட்டின் அடிமான முறையில். எந்த மெஷினாக இருந்தாலும் எழுத்தை எழுத்தாகப் படித்து விடலாம் அல்லவா? 11 இலக்கம் எட்டின் அடிமானத்தில் 8 ஜிபி வரை போகும். 1979-ல் 8 ஜிபி கோப்பை யார் கண்டார்கள்! பின்னால் அதைத் தாண்ட வேண்டி வந்தபோது புதிய ஏற்பாடுகள் செய்தார்கள். ஆனால் பழைய மூட்டையை இன்றைய டார் புரோகிராமும் அவிழ்க்கிறது.

அடுத்தது 'ஜிப்'. பில் காட்ஸ் என்ற அமெரிக்கர் 1989-ல் வெளியிட்டது. ஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டைப் பாருங்கள், 'பி', 'கே' என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அவர் பெயரின் முதலெழுத்துகள். 2000-ல் தன் 37-வது வயதில் அவர் இறந்து விட்டார். ஆனால் உலகம் முழுவதும் நாள்தோறும் அந்த இரண்டு எழுத்து எழுதப்பட்டுக் கொண்டே இருக்கிறது. உங்கள் போனில் இறக்கும் ஏ.பி.கே. கோப்பும், வேர்டில் அடிக்கும் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஜிப் மூட்டைதான்!

ஜிப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் சீட்டும் உண்டு, மொத்தத்துக்கும் லிஸ்டும் உண்டு. லிஸ்ட் இருப்பது கோப்பின் கடைசியில். ஏன் கடைசியில்? எல்லாவற்றையும் ஏற்றி முடித்த பிறகுதானே எது எங்கே இருக்கிறது என்பது தெரியும்! ஆயிரம் கோப்பில் ஒன்று மட்டும் வேண்டுமா? கடைசிக்குப் போய் லிஸ்டைப் பார்த்து, நேரே அந்த இடத்துக்குத் தாவி எடுக்கலாம். டாரில் அப்படி முடியாது, சீட்டு சீட்டாகத் தாண்டிப் போக வேண்டும். ஒன்று டேப்புக்குப் பிறந்தது, மற்றொன்று டிஸ்க்குக்குப் பிறந்தது. எந்த வேலைக்கு என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

பெயருக்கு 100 பைட் என்றார்களே, நம் தமிழுக்கு அது போதுமா? யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. மெஷினுக்குக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி என்பதால் 5 குறி, ஆக 15 பைட். 100 பைட்டில் 33 குறிதான் அடங்கும். நாலு ஃபோல்டருக்குள் தமிழ்ப் பெயர் வைத்தால் இடம் தீர்ந்தது. ஜிப் பெயரின் நீளத்தையே ஒரு எண்ணாக எழுதி விட்டுப் பிறகு பெயரை எழுதுகிறது. அதனால் 65,535 பைட் வரை போகலாம். 'கேரக்டர் நேம் 100' என்று நாம் லேப்பில் கண்ணை மூடிக் கொண்டு டைப் செய்கிறோமே, அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேருடைய பெயர் வெட்டுப்படும் என்று யோசித்தோமா?

மெமரி வேறு, டிஸ்க் வேறு

இப்போது என் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். பல புரோகிராம்களில் பார்க்கலாம்: ஒரு ஸ்ட்ரக்ட் போடுவார்கள், எஃப்ரைட் கொடுத்து அப்படியே கோப்பில் தள்ளி விடுவார்கள். அதே லேப்பில், அதே மெஷினில் ஓட்டினால் வேலை செய்யும். ஆனால் அது மூட்டை கட்டியதாகாது, கொட்டி விட்டதாகும்.

வேண்டுமானால் நீங்களே செய்து பாருங்கள். ஒரு கேரக்டர், ஒரு இன்ட் மட்டும் உள்ள ஸ்ட்ரக்ட். நீலத் திரை டர்போ சி-யில் சைஸ்ஆஃப் போட்டால் 3 வரும். இன்றைய ஜிசிசி-யில் சாதாரணமாக 8 வரும். ஏன்? அங்கே இன்ட் 2 பைட், இங்கே 4 பைட். அது போக, இன்ட் வசதியான இடத்தில் ஆரம்பிக்கட்டும் என்று கம்பைலர் நடுவில் 3 பைட் வெற்றிடம் விடுகிறது. ஒன்றில் எழுதியதை மற்றதில் படித்தால் வெறும் குப்பைதான் வரும்.

பைட்டின் வரிசையும் ஒரு பிரச்சினை. 258 என்ற எண்ணை இன்டெல் சிப் 2, 1, 0, 0 என்று வைக்கும். சில மெஷின்கள் 0, 0, 1, 2 என்று வைக்கும். பாயின்டர் கதை அதைவிட மோசம். அது இந்த நிமிஷம் மெமரியில் உள்ள ஒரு முகவரி. அதை டிஸ்கில் எழுதி வைத்து நாளைக்குத் திறப்பது, காலி செய்து விட்டுப் போன வாடகை வீட்டுக்குக் கடிதம் போடுவது மாதிரி.

ஆகவே இரண்டு வடிவம் வேண்டும் என்கிறேன். மெமரியில் ஒன்று, நம் வசதிக்கு. டிஸ்கில் ஒன்று, முகம் தெரியாத அந்த இறக்குகிற ஆளின் வசதிக்கு. இரண்டுக்கும் நடுவில், எண்ணை 256-ஆல் வகுத்து மீதியை முதலில் எழுதி, ஈவை மறுபடி வகுத்து என்று ஒவ்வொரு பைட்டாக எழுதும் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள். அவ்வளவுதான்!

நம் கைக்கு அடங்கும் ஒரு திட்டம்

என் யோசனை இது. மூட்டையின் தொடக்கத்தில் 4 பைட் அடையாளம், 2 பைட் பதிப்பு எண். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் சீட்டு: அடையாளம் 4, சீட்டின் நீளம் 2, பெயரின் நீளம் 2, கோப்பின் அளவு 8, திருத்திய நேரம் 8, சரிபார்க்கும் சிஆர்சி 4. ஆக 28 பைட். அதன் பின் பெயர், அதன் பின் சரக்கு. எல்லாம் முடிந்ததும் லிஸ்ட்: பெயரின் நீளம், பெயர், சீட்டு இருக்கும் இடம். கடைசி 20 பைட்டில் லிஸ்ட் ஆரம்பிக்கும் இடம் 8, எத்தனை கோப்பு என்பது 4, லிஸ்டின் சிஆர்சி 4, முடிவு அடையாளம் 4.

சிஆர்சி கோப்பைப் படித்து முடித்தால்தானே தெரியும், சீட்டில் முன்கூட்டியே எப்படி எழுதுவது? அந்த இடத்தைக் காலியாக விட்டு, பிறகு எஃப்சீக் போட்டுத் திரும்பி வந்து நிரப்பலாம். சீட்டின் நீளத்தை எதற்குத் தனியாக எழுத வேண்டும்? நாளை நமக்குப் பின் வரும் ஜூனியர் ஒருவன் சீட்டில் புதிதாக ஏதாவது சேர்த்தால், பழைய புரோகிராம் தனக்குப் புரியாததைத் தாண்டிப் போவதற்கு.

மெமரியில் லிங்க்டு லிஸ்ட் வேண்டாம் என்பேன். ரீஅலாக் போட்டு, நிரம்பும்போது இரண்டு மடங்காக்கும் ஒரு அர்ரே போதும். பெயர் வரிசையில் அடுக்கி விட்டால், 1000 கோப்பில் ஒன்றைத் தேட பைனரி சர்ச்சில் அதிகபட்சம் 10 ஒப்பீடு. லிங்க்டு லிஸ்டில் 1000 வரை போகலாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதற்கு ட்ரீ கூடக் கட்ட வேண்டாம். டாரும் ஜிப்பும் செய்வது போல முழுப் பாதையையும் பெயராக எழுதினால் தீர்ந்தது. பரீட்சையில் ட்ரீ படம் போட்டு மார்க் வாங்கியவர்களுக்கு, எங்கே ட்ரீ தேவையில்லை என்பதும் தெரிய வேண்டாமா?

அவிழ்க்கும்போது யாரையும் நம்பக் கூடாது. சீட்டில் எழுதியிருக்கும் அளவு உண்மையில் கோப்பில் மீதி இருக்கிறதா என்று பார்க்காமல் மாலாக் போடக் கூடாது. பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் இருந்தால், சரக்கு நாம் சொன்ன ஃபோல்டரை விட்டு வெளியே ஏறி வேறு கோப்பின் மேல் விழுந்து விடும். 2018-ல் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரில் இந்தக் குறை பல மென்பொருள்களில் இருப்பது தெரிய வந்தது. அனுபவசாலிகளே சறுக்கிய இடம் இது.

"இதெல்லாம் எதுக்குடா?"

நண்பர்கள் கேட்கிறார்கள்: "டாரும் ஜிப்பும் சும்மா கிடைக்குது, மறுபடி எதுக்குடா எழுதணும்?" சரிதான், உலகத்துக்கு இன்னொரு ஆர்க்கைவ் தேவையில்லை. நமக்குத்தான் தேவை. பிட்டர் படிக்கும் நண்பன் ஃபைல் பிடித்து ஜாப் செய்கிறானே, அது கடையில் கிடைக்காது என்பதற்காகவா? கை பழகுவதற்காகத்தானே!

இன்னொரு கேள்வி: "ஏ.ஐ. கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல கோடு கொடுத்துடுமே?" கொடுக்கும். அது கொடுத்தது ஸ்ட்ரக்டை அப்படியே கொட்டுகிறதா, பைட்டாக எழுதுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நாளை சம்பளம்.

காசு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ரெடிமேட் ப்ராஜெக்டுக்கு என் பங்காக ஒரு கடையில் கேட்ட தொகை, என் அப்பாவின் பத்து நாள் கூலி. பத்து நாள் அவர் தோளில் ஏறிய மூட்டைகளைக் கொடுத்து, நான் திறந்தே பார்க்காத ஒரு மூட்டையை வாங்கி வர வேண்டுமாம்! வைவாவில் "இந்த வரி என்ன செய்கிறது?" என்று கேட்டால் முழிக்கப் போவது கடைக்காரர் இல்லை, நான்தான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு, தெரிந்தவர் சிபாரிசு கிடையாது, மாமா கம்பெனி கிடையாது. கையில் இருக்கும் வேலைதான் சொத்து. அதையும் விலைக்கு வாங்கினால் நமக்கென்று என்ன மிஞ்சும்?

பேரவைக்கு ஒரு கோரிக்கை

நம் மாணவர் பேரவை துறைத் தலைவரிடம் இதைக் கொண்டு போக வேண்டும் என்று கேட்டுக் கொள்கிறேன். கட்டுவது ஒரு டீம், அவிழ்ப்பது இன்னொரு டீம் என்று வையுங்கள். முதல் டீம் தன் மூட்டையின் அமைப்பை ஒரே தாளில் எழுதித் தரட்டும். இரண்டாவது டீம் அவர்கள் கோடைப் பார்க்காமல், அந்தத் தாளை மட்டும் வைத்து அவிழ்க்கும் புரோகிராம் எழுதட்டும். ஒரு டீம் டர்போ சி-யில், மறு டீம் ஜிசிசி-யில். கோப்பு ஒரு பைட் பிசகாமல் வெளியே வந்தால் இரண்டு டீமுக்கும் மார்க். வராவிட்டால் இரண்டு பேரும் உட்கார்ந்து தாளைத் திருத்தட்டும். இந்தப் பரீட்சையைக் கடையில் வாங்கிய ப்ராஜெக்டை வைத்துத் தேற முடியாது. செலவோ ஒரு வெள்ளைத் தாள்!

அந்தத் தாள்களை வருஷா வருஷம் நூலகத்தில் சேர்த்து வைப்போம். நம்மைத் தெரியாத ஒரு ஜூனியர், பத்து வருஷம் கழித்து அதில் ஒன்றை எடுத்துப் படித்து நம் மூட்டையை அவிழ்க்கட்டும். உள்ளே சரக்கு பத்திரமாக இருந்தால், நாம் டிப்ளமோ வாங்கியது நிஜம்!