துரைசானிக்கு மட்டும்தான் காதலா?

தேயிலைத் தோட்டத்துச் சரித்திரக் காதல் நாவல் என்றால் அட்டையைப் பார்த்தே கதையைச் சொல்லிவிடலாம். பனிமூட்டம், பங்களா வராந்தா, முதுகு காட்டி நிற்கும் வெள்ளைக்காரப் பெண். தூரத்துச் சரிவில் நாலைந்து வண்ணப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் நம்ம சனம்.

டைனா ஜெஃப்ரீஸின் 'தி டீ பிளான்டர்ஸ் வைஃப்' (2015) நாவலையே எடுத்துக்கொள்வோம். 1920களின் இலங்கை. 19 வயது குவெண்டலின் கப்பலிறங்கித் தோட்டத்துரையான கணவனிடம் வருகிறாள். பிறக்கும் இரட்டைக் குழந்தைகளில் ஒன்று கறுப்பு. அதை மறைப்பதுதான் கதையின் முடிச்சு. நாவல் நிறவெறியைப் பேசாமல் இல்லை. ஆனால் கறுப்புத்தோல் ஒரு துரைசானியின் வேதனையாக மாறிய பிறகுதான் நமக்கு அழுகை வர வேண்டுமாம்!

"சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்கிறதுல இவ்வளவு அரசியலா?" என்று கேட்பீர்கள். ஆமாம். யாருக்கெல்லாம் மனசு என்று ஒன்று உண்டு என்பதைக் காதல் கதைகள்தான் நமக்குச் சத்தமில்லாமல் பழக்குகின்றன.

லயத்தில் காதல் இல்லையா என்ன? 10க்கு 12 அடி அறையில் குடும்பமே படுக்கும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். 1921 வரை துண்டு முறை வேறு: கடன் தீராமல், துண்டுச்சீட்டு இல்லாமல், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வேலை மாற முடியாது. பக்கத்துத் தோட்டத்துப் பையனை விரும்பிய பெண் என்ன செய்திருப்பாள்? ஒரு காதல் கதைக்கு இதைவிடப் பெரிய தடை எங்கே கிடைக்கும்?

நம்ம பக்கமும் கோளாறு இருக்கிறது. பி. எச். டேனியலின் 'ரெட் டீ' (1969) நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதி ஆனைமலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போகிறார்கள். குவெண்டலினைப் போலவே வள்ளியும் மலையேறிய இளம் மனைவிதான். ஆனால் ஒருத்தியின் கதையைக் காதல் என்கிறோம், இன்னொருத்தியின் கதையை ஆவணம் என்கிறோம். வள்ளிக்கு நாம் கொடுத்ததெல்லாம் பரிதாபம்.

எனக்கு அது போதாது. கொழுந்துக்கூடை சுமக்கிறவள் பொறாமைப்படட்டும், பொய் சொல்லட்டும், தப்பான ஆளை விரும்பட்டும், கங்காணிக்குத் தெரியாமல் சிரிக்கட்டும். கூலி, கடன், அட்டைக்கடி எல்லாம் கதையில் இருக்கட்டும். அதோடு அவளுக்கென்று ஒரு ரகசியமும் இருக்கட்டும். அப்படி ஒரு சரித்திரக் காதல் நாவலை யாராவது எழுதுங்கள். முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.