வீட்டின் கால்கள்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த நம்மவர், சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு அடுக்குமாடியில் ஓர் இல்லம் வாங்கப் புறப்படும்போது எத்தனையோ கேள்விகளைக் கேட்கின்றனர். குழாயில் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும்? பள்ளிக்கூடம் அருகில் உள்ளதா? முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் கடை எவ்வளவு தூரம்? யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், "இவ்வீடு எதன்மேல் நிற்கிறது?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. அண்மையில் நண்பர் ஒருவருடன் வீடு பார்க்கச் சென்ற நாமும், நான்காம் மாடியின் காற்றையும் வெளிச்சத்தையும் புகழ்ந்தோமேயன்றி, கீழே மோட்டார் வண்டிகள் நிற்கும் தளத்தை ஏறிட்டும் பாராமல் திரும்பினோம். இல்லம் வந்து சேர்ந்த பின்னரே அகமதாபாத் நம் நினைவுக்கு வந்தது.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள். குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு நாடு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலை வேளையில், 8.46 மணிக்குக் கட்ச் பகுதியில் பூமி நடுங்கியது. குஜராத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நடுக்கத்தின் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாதிலும் அடுக்குமாடி வீடுகள் சரிந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் மணிநகரும் அத்துயருக்குத் தப்பவில்லை. அவ்வளவு தொலைவில் உள்ள ஊரில் வீடுகள் விழுவானேன்?

இக்கேள்விக்கு விடை தந்தவை நம் நாட்டின் கல்விக்கூடங்களே. கட்டடக் கலைக்கென 1847-இல் ரூர்க்கியில் தோன்றிய கல்லூரி, 1949-இல் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பேராசிரியர் ஜெய்கிருஷ்ணாவின் முயற்சியால், பூகம்பத்தைத் தாங்கும் கட்டடங்களை ஆராய்வதற்கென்றே 1960-இல் ஒரு தனிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அப்பல்கலைக்கழகத்தார் பொருத்தியிருந்த அதிர்வுமானி ஒன்று, அகமதாபாதின் பாஸ்போர்ட் அலுவலகக் கட்டடத்தில் அன்று விழித்திருந்தது. அது குறித்துவைத்த அதிர்வு, புவியீர்ப்பு விசையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். செம்மையாகக் கட்டிய வீட்டை வீழ்த்துவதற்கு அது போதாது. நகரில் பெரும்பாலான கட்டடங்கள் நின்றன. சில மட்டுமே விழுந்தன. அவ்வாறு விழுந்தவற்றுள் பல, தரைத்தளத்தில் சுவரின்றி வெறுந்தூண்களின்மேல் நின்றவை.

இதன் காரணத்தை எளிதில் உணரலாம். மேல் மாடிகளில் தூண்களுக்கிடையே செங்கற்சுவர்கள் உள்ளன. அவை மாடிகளை இறுக்கி, ஒரே பாளமாக ஆக்கிவிடுகின்றன. கீழேயோ வண்டி நிறுத்துவதற்காகச் சுவர்களை நீக்கிவிடுகிறோம். பூமி அசையும்போது மேற்பாளம் வளையாது. வளைய வேண்டியதெல்லாம் கீழுள்ள தூண்களே. கொல்லையில் காவலுக்குக் கட்டிய பரணை எண்ணிப் பாருங்கள். மேலே ஆட்கள் பலர் அமர்ந்திருக்கையில் அதன் மெல்லிய கால்களைப் பற்றி ஒருவன் உலுக்கினால், முறிவது பரணின் தட்டன்று, கால்கள்தாம்.

இவ்வுண்மையைப் பொறியாளர்களோடு நில்லாமல் பொதுமக்களுக்கும் உணர்த்த முற்பட்டது கான்பூர் ஐ.ஐ.டி. அங்கே 1999-இல் அமைந்த தேசியப் பூகம்பப் பொறியியல் தகவல் மையத்தின் வழியே, பேராசிரியர் சி. வி. ஆர். மூர்த்தி எழுதிய 24 சிறு குறிப்புகள் படங்களுடன் வெளிவந்தன. அவை எவரும் விலையின்றிப் படிக்கத் தக்கவை. 2002-இல் திருத்தப்பெற்ற இந்தியத் தர விதியும், இத்தகைய திறந்த தளத்தின் தூண்களைக் கணக்கிட்ட விசையைப் போல் 2.5 மடங்கு தாங்குமாறு அமைக்கலாம், அன்றிக் காங்கிரீட் சுவர்களால் வலுவூட்டலாம் என்று வழி காட்டியது. அவ்வாண்டில்தான் சென்னையும் இரண்டாம் நடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே, ஊரில் வீடு கட்டுவோர்க்கும் இது புறக்கணிக்கத் தக்கதன்று.

வீடு வாங்கும் அன்பர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பாராக. தரைத்தளம் வெறுந்தூண்களாயின், அத்தூண்கள் அதற்கென வலுவாக அமைக்கப்பட்டனவா? கட்டமைப்பு வரைபடத்தில் தகுதி பெற்ற பொறியாளரின் கையொப்பம் உண்டா? கட்டிக்கொண்டிருக்கும் வீடாயின், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிய வளையங்களின் முனைகள் 135 பாகை வளைந்து உட்புறம் பதிந்துள்ளனவா? முனையை 90 பாகையோடு விட்டால், அதிர்ச்சியில் வளையம் விரிந்து கம்பி பிதுங்கிவிடும். ஏற்கெனவே குடியிருப்போர் அஞ்ச வேண்டா. தூண்களுக்குப் புறக்கவசம் இட்டும், தக்க இடங்களில் சுவர் எழுப்பியும் வலுவூட்டும் முறைகள் உள்ளன. ஆனால் அது தனி ஒருவரால் ஆவதன்று. குடியிருப்போர் அனைவரும் கூடிப் பொறியாளரை அழைத்துச் செய்ய வேண்டிய காரியம்.

இத்தனையையும் நண்பரிடம் கூறினோம். "முன்பணம் கொடுக்கவில்லை, நல்லவேளை" என்றார் அவர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவ்வீட்டுக்கு மீண்டும் செல்லவிருக்கிறோம். இம்முறை மாடி ஏறுவதற்கு முன் கீழ்த்தளத்தில் நின்று தூண்களைப் பார்ப்போம், வரைபடத்தையும் கேட்போம்.