யாருடைய ஆயுள், யாருடைய முடிவு?

மரணத்தை வெல்லப்போவதாக அறிவித்துக்கொண்டு அதற்காக ஆண்டுக்கு இருபது லட்சம் டாலர் செலவிடும் அமெரிக்கச் செல்வந்தர் பிரையன் ஜான்சன், 2024 டிசம்பரில் மும்பைக்கு வந்தார். அந்த இந்தியப் பயணத்தின்போது நடந்த ஒரு பாட்காஸ்ட் பதிவிலிருந்து, அறையின் காற்று சரியில்லை என்று கூறிப் பாதியிலேயே எழுந்து போனார். முகக்கவசமும் காற்றுச் சுத்திகரிப்பானும் உடனிருந்தும் அவருக்குப் போதவில்லை. செம்பூரை அடுத்த மாகுலில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் அருகே குடியமர்த்தப்பட்ட குடிசைவாழ் மக்களுக்கோ எழுந்து போக இடமில்லை.

இதை வேடிக்கையாகக் கடந்துவிடலாகாது. முதுமையைத் தடுக்கும் ஆய்வுக்கென்றே கூகுள் 2013இல் காலிகோ நிறுவனத்தைத் தொடங்கியது. அதன்பின் பெருமுதலாளிகள் பலர் இத்துறையில் பணத்தைக் கொட்டிவருகின்றனர். மனித ஆயுள் 150, 200 ஆண்டுகள் என நீளுமானால் கருணைக்கொலை பற்றிய சமூகத்தின் பார்வை என்னவாகும் என்ற விவாதமும் உடன் எழுந்துள்ளது. சாவு தானாக வராதபோது அது ஒருவர் எடுக்கும் முடிவாகிவிடும், ஆகவே இறக்கும் உரிமையைச் சமூகம் தயக்கமின்றி ஏற்கும் என்பது ஒரு தரப்பு. நூறாண்டு மீதமிருக்கையில் சாவதற்கு எவரையும் அனுமதிக்காது என்பது மறுதரப்பு. முடிவெடுப்பவரின் கையில் பணம் இருக்கிறது என்பதை மட்டும் இரு தரப்பும் கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றன. (கிரேக்க மூலத்தில் ‘நல்ல சாவு’ என்று மட்டுமே பொருள்படும் சொல், தமிழில் ‘கொலை’யைச் சேர்த்துக்கொண்டது. அந்தச் சேர்க்கையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.)

மும்பை இக்கேள்வியை 42 ஆண்டுகள் சுமந்த நகரம். பரேலில் உள்ள கே.இ.எம். மாநகராட்சி மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே பணிபுரிந்த ஒருவனால் தாக்கப்பட்டார். சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு மூளைக்கு உயிர்வளி தடைபட்டது. அவர் மீண்டும் எழவேயில்லை. எழுத்தாளர் பிங்கி விரானி அவருக்காக உச்சநீதிமன்றத்தை நாடினார். 2011 மார்ச் 7 அன்று நீதிபதிகள் மார்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா அமர்வு, செயல்வழிக் கருணைக்கொலையை மறுத்து, உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை மட்டும் நிபந்தனைகளுடன் ஏற்றது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி மனுதாரருக்கு இல்லை, அவரைப் பேணிய மருத்துவமனை ஊழியர்களுக்கே உண்டு என்றும் கூறியது. அவர்கள் அவர் வாழவேண்டும் என்றனர். 2015 மே 18 அன்று நுரையீரல் அழற்சியால் அவர் காலமானார்.

அச்செவிலியர்கள் அவருடைய உறவினர்கள் அல்லர், மாநகராட்சித் தொழிலாளர்கள். பணியில் சேர்ந்த ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையிடமிருந்து அப்படுக்கையின் பொறுப்பை ஏற்றது. அவரை அங்கிருந்து அகற்ற முயன்றபோது போராடித் தடுத்தனர். அவர் வாழ்வதா இறப்பதா என்பதை நாடே ஓர் அறக்கேள்வியாக விவாதிக்க முடிந்ததற்குக் காரணம், அப்படுக்கைக்கு எவரும் கட்டணச்சீட்டு நீட்டவில்லை என்பதே. தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் இருந்திருந்தால் அக்கேள்வி ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும். ‘மருத்துவ ஆலோசனைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரை வீட்டுக்குக் கொண்டுபோகும் குடும்பங்களை எந்த மருத்துவக் குழு விசாரிக்கிறது?

சட்டத்தின் அடித்தளமும் இங்கே ஆட்டம் காண்கிறது. கண்ணியத்துடன் வாழும் உரிமை இயற்கையான ஆயுளின் முடிவுவரை நீளும், அந்த ஆயுளைக் குறுக்கும் உரிமை அதில் அடங்காது என்று 1996இல் கியான் கவுர் வழக்கில் உச்சநீதிமன்றம் வரையறுத்தது. 2018 மார்ச் 9 தீர்ப்பு முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறைகள் எளிதாக்கப்பட்டன. இவை அனைத்தும் ‘இயற்கையான ஆயுள்’ என்ற ஒன்று இருப்பதாகக் கொண்டு எழுந்தவை. பணம் கொடுத்து ஆயுளை நீட்டமுடியும் என்றாகிவிட்டால் எது இயற்கை? கோவண்டி, மான்குர்து, தேவ்னார் அடங்கிய எம்-கிழக்கு வட்டத்தில் இறப்போரின் சராசரி வயது ஏறத்தாழ 39 என்று 2009ஆம் ஆண்டின் மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை பதிவுசெய்தது. அது இயற்கையான ஆயுளா? தாராவி மறுசீரமைப்பில் அதானி குழுமத்துக்கு 80 விழுக்காடு பங்கு. ‘தகுதியற்றோர்’ என ஒதுக்கப்படுவோரைக் குடியமர்த்தத் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரை மாநில அரசு அளித்துள்ளது. திருநெல்வேலியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்து தாராவியின் தோல் பட்டறைகளில் உழைத்த குடும்பங்களின் ஆயுளை இத்தகைய அரசாணைகளும் தீர்மானிக்கின்றன.

முதியோரின் சாவைக் குடும்பமே தீர்மானிக்கும் கொடுமை தமிழருக்குப் புதிதன்று. விருதுநகர் வட்டாரத்தின் தலைக்கூத்தல், எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து முதியோரை முடித்துவைக்கும் வழக்கம், 2010இல் பெரும் செய்தியானது. பிள்ளைகளின் கல்நெஞ்சத்தை மட்டும் பழித்துவிட்டு நகர்ந்தவர்கள் பலர். அறுபது முதல் 79 வயதுவரையுள்ள ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசின் ஓய்வூதியப் பங்கு மாதம் 200 ரூபாய், எண்பதைக் கடந்தால் 500 ரூபாய் என்பதை அவர்கள் பேசவில்லை. இந்த நிலையில் ஆயுள் இன்னும் ஐம்பதாண்டு நீண்டால் ‘போதும், விடைபெறுகிறேன்’ என்று முதியவர் சொல்வது எத்தனை பங்கு விருப்பம், எத்தனை பங்கு வீட்டாரின் முகக்குறிப்பு?

இதற்காக இறக்கும் உரிமையை மறுப்பது சரியாகாது. தீராத வலியில் கிடப்பவர் மீது குழாய்களைத் திணிப்பதும் வன்முறையே. ஆனால் வலிநிவாரண சிகிச்சை தேவைப்படுவோரில் உலகளவில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலியைத் தணிக்காத அரசு சாவதற்கு மட்டும் அனுமதி தருமானால் அந்த உரிமையின் பெயரே வேறு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் வேரூன்றிய கேரளத்தில், 2008இல் இடது ஜனநாயக முன்னணி அரசு நாட்டிலேயே முதன்முதலாக அதற்கெனக் கொள்கை வகுத்தது. உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று நோயாளியின் புண்ணைக் கழுவுகின்றனர். மாதுங்காவின் ஓய்வூதியருக்கு மருத்துவ உயில் எழுத வழியுண்டு, அதற்குச் சான்றளிக்க நோட்டரியும் உண்டு. பத்து நிமிட நடைத் தொலைவிலுள்ள தாராவியின் முதியவருக்கு, உயில் எழுதுவதற்கு முன்னால், வீட்டுக்கு வரும் அந்தச் செவிலியர் வேண்டும்.