‘நெனச்சா விட்டுடலாம்!’

மலேசியாவின் கமுந்திங்கில் கஞ்சாவைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் போதும், “அது வெறும் இலைதானே அண்ணே, நெனச்சா விட்டுடலாம்” என்ற பதில் உடனே வந்து விழும். தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வரும் தம்பி இப்படித்தான் சொல்கிறான். தோட்டத்து லயத்தில் தாத்தா புகைத்த கதையை எடுத்துவிடும் பெரியவரும் இப்படித்தான் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், கஞ்சாக்காரனைப் பிரம்பெடுத்துத் திருத்தவேண்டும் என்பவரின் நம்பிக்கையும் இதுவே. நினைத்தால் விடலாம் என்றால், விடாதவன் திமிர் பிடித்தவன்தானே! புகைப்பவனுக்குச் சாக்காகவும் அடிப்பவனுக்குப் பிரம்பாகவும் உதவுகிற இந்த நம்பிக்கை அப்பட்டமான பொய்.

எங்கள் தாமானில் ஓர் அம்மா. மகன் கஞ்சாவை விட்டுவிடுவதாகச் சாமி படத்தின் முன் சத்தியம் செய்திருந்தான். மூன்றாம் நாள் நான் போனபோது, மத்தியானம் போட்டு வைத்த சோறு தட்டிலேயே காய்ந்து கிடந்தது. பையனுக்கு இரண்டு இரவாகத் தூக்கமில்லை. தொலைக்காட்சியின் சத்தத்துக்காகத் தங்கச்சியின் மேல் எரிந்து விழுந்தான். அன்று சாயங்காலம் அந்த அம்மாவே மைலோ டின்னிலிருந்து இருபது வெள்ளியை எடுத்து நீட்டினார். “அது இருந்தாத்தான் இவன் மனுசனா இருக்கான்.” இரவு பையன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுத் தூங்கிப்போனான். கஞ்சாதான் அவனுக்கு மருந்து என்று தெருவே முடிவு கட்டியது.

அந்தக் காய்ந்த சோற்றுக்கு விளக்கம் நியூயார்க்கில் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்கரெட் ஹேனி குழுவினர், வழக்கமாகக் கஞ்சா புகைக்கும் 12 பேரை 21 நாள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். நாளுக்கு நான்கு வேளை கஞ்சா சிகரெட். சில நாள்களில் போதை தரும் டிஎச்சி இருக்கும். மற்ற நாள்களில் அதை நீக்கிய வெற்றுக் கஞ்சா. எந்த நாளில் எது என்று புகைப்பவருக்குத் தெரியாது. வெற்று நாள்களில் பதற்றம், எரிச்சல், வயிற்றுவலி எல்லாம் கூடின, சாப்பாடு குறைந்தது. 1999-இல் வெளிவந்த அந்த ஆய்வில் கொடுத்த சிகரெட்டில் டிஎச்சி அதிகபட்சம் 3.1 சதவீதம்தான். 2014 வாக்கில் அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவிலோ சராசரியே சுமார் 12 சதவீதம்.

ஆக, அன்று இரவு கஞ்சா தணித்தது, தானே மூட்டிய எரிச்சலைத்தான். வீட்டுக்குத் தீ வைத்தவனே தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தால், அவனுக்கு மாலை போடுவோமா?

இவ்வளவு காலம் இது ஏன் நம் கண்ணில் படவில்லை? போதை கிடைக்காத தவிப்பான ‘கியான்’ என்றால் ஹெராயின்காரன் உடம்பு நடுங்கி, மூக்கு ஒழுகிச் சுருண்டு கிடப்பதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். கஞ்சாவின் கியான் அப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது. டிஎச்சி உடம்பின் கொழுப்பில் தங்கி மெல்ல மெல்ல வெளியேறும். அதனால் தொல்லை ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். மூளையிலும் தடயம் உண்டு. தினமும் புகைப்பவர்களின் மூளையில் டிஎச்சி பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்திருப்பதையும், சுமார் நான்கு வாரம் விட்டிருந்தால் அவை பழைய நிலைக்குத் திரும்புவதையும் 2012-இல் ஸ்கேன் எடுத்தே காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் கஞ்சா விலகல் நோய் இடம்பெற்றதே 2013-இல்தான்.

“வெள்ளைக்காரனே கெடுதியில்லைன்னு சொல்லிட்டானே” என்று 1893-94-ஆம் ஆண்டின் இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவை இழுப்பவர்கள் உண்டு. அந்தக் குழு சொன்னது மிதமாகப் பயன்படுத்துவோரைப் பற்றி. அளவு மீறினால் கெடுதி என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இவர்கள் ‘மிதமாக’ என்ற சொல்லை மட்டும் வசதியாக விழுங்கிவிடுகிறார்கள். தாய்லாந்து 2022-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்ததே என்பார்கள். சிகரெட்டும்தான் சட்டப்படி கடையில் விற்கிறது. அதற்கு அடிமையானவர் இல்லையா?

தொட்டவரெல்லாம் அடிமையாவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. 1990-களின் அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒன்றின்படி, ஒருமுறையாவது பயன்படுத்தியவரில் சுமார் 9 சதவீதத்தினர் அடிமையானார்கள். புகையிலையில் அது 32 சதவீதம். பதின்வயதில் தொடங்கியவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். விட்டுவிட முடிந்த தாத்தாவின் கதை, விட முடியாத பேரனுக்கு எப்படிச் சாட்சியாகும்?

நம் நாட்டுச் சட்டமோ புகைத்தவனுக்கு 5,000 வெள்ளிவரை அபராதம் அல்லது 2 ஆண்டுவரை சிறை என்கிறது. 200 கிராம் கையில் இருந்தாலே கடத்தல்காரன் என்று அனுமானிக்கிறது. கடத்தல்காரனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் நாள் தூக்கமில்லாமல் தவிக்கும் பையனைப் பிரம்பால் தூங்கவைக்க முடியாது. அவனுக்கு வேண்டியது மருத்துவரும், உடனிருக்கும் ஆளும், நாள்களை எண்ணிச் சொல்ல ஒரு காலண்டரும்.

“இன்னிக்கு மூணாம் நாள்மா. இந்த வாரம்தான் கஷ்டம், பல்லைக் கடிச்சிக்குங்க, அப்புறம் இறங்கிடும்” என்று அந்த அம்மாவிடம் அன்று ஒருவர் சொல்லியிருந்தால், இருபது வெள்ளி மைலோ டின்னிலேயே இருந்திருக்கலாம். பக்கத்தில் நின்ற நானும் சொல்லவில்லை. இலைதானே என்றுதான் அப்போது நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.