'எங்க வம்சத்துல யாருக்குமே இல்லையே'... குழந்தைக்குக் காது கேட்காவிட்டால் தாய்தான் காரணமா? மரபணு கணக்கு சொல்வது என்ன?

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காது நன்றாகக் கேட்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்குக் கேட்கவில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு, "எங்க வம்சத்துல இப்படி யாருமே இல்லையே" என்பதுதான். அடுத்து எல்லார் பார்வையும் மருமகள் மேல் திரும்பும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற மானாவாரிப் பகுதிகளில் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் முடிப்பது புதிதல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 சதவீதம் பேர் ரத்த சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். நாட்டின் சராசரி 11 சதவீதம்தான். அதனால் இந்தக் கணக்கு நம்ம வீட்டுக் கணக்கும்தான்.

குழந்தையை வைத்து பெற்றோரின் மரபணுவை அறிய முடியுமா?

முடியும். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பா தந்தது, இன்னொன்று அம்மா தந்தது.

கேட்கும் திறனுக்கான சரியான பிரதியை 'கே' என்றும், மாற்றம் அடைந்த பிரதியை 'மா' என்றும் வைத்துக்கொள்வோம். 'கே' ஓங்கு பண்பு. அது ஒன்று இருந்தாலே காது கேட்கும். 'மா' ஒடுங்கு பண்பு. இரண்டுமே 'மா'வாக இருந்தால்தான் பாதிப்பு வெளியே தெரியும். பிறவியிலேயே காது கேளாமைக்குக் காரணமாகும் ஜி.ஜே.பி.2 மரபணு பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது.

இப்போது பின்னோக்கிப் போவோம்:

- குழந்தைக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் குழந்தை மா-மா.
- ஒரு 'மா' அம்மாவிடமிருந்து வந்தது. இன்னொரு 'மா' அப்பாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.
- பெற்றோருக்குக் காது கேட்கிறது. அதனால் இருவரிடமும் ஒரு 'கே' இருக்கிறது.
- ஆக, அப்பா கே-மா. அம்மாவும் கே-மா.

இந்த வகை பாதிப்பில் ஒருவர் மட்டும் காரணமாக இருக்க வழியே இல்லை. வம்சத்தில் யாருக்கும் பாதிப்பு வெளியே தெரியவில்லை என்பதற்கு, அந்த வம்சத்தில் 'மா' இல்லை என்று அர்த்தம் கிடையாது.

மெண்டல் கண்டது என்ன?

பத்தாம் வகுப்பில் படித்த அதே பட்டாணிக் கணக்குதான். 1866-ல் கிரகர் மெண்டல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. ஏறத்தாழ 3-க்கு 1.

அவர் அத்தோடு நிற்கவில்லை. உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். அதில் 193 செடிகள் உருண்டை விதை மட்டுமே தந்தன. 372 செடிகளில் உருண்டையோடு சுருங்கியதும் சேர்ந்து வந்தது. விதையைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்பதை அதன் பிள்ளைகள்தான் காட்டிக்கொடுத்தன.

முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராதா?

இது தவறான நம்பிக்கை. பெற்றோர் இருவரும் கே-மா என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிப்புக்கான வாய்ப்பு 25 சதவீதம். முந்தைய குழந்தைக்கு என்ன நடந்தது என்பது இதில் கணக்கே இல்லை.

அதேபோல, மூன்று பிள்ளைகளும் நன்றாக இருப்பதால் மட்டும் பெற்றோரிடம் 'மா' இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அண்ணனோ தங்கையோ நலமாக இருந்தாலும், அவர்கள் 'மா'வை மறைவாகச் சுமப்பவர்களாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு.

சொந்தத்தில் முடித்தால் ஏன் வாய்ப்பு கூடுகிறது?

ஒரு தாத்தாவிடம் மட்டும் ஒரு 'மா' இருந்தது, வெளியிலிருந்து வந்தவர்கள் யாரிடமும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகனுக்கும் மகளுக்கும் அது போக தலா இரண்டில் ஒரு வாய்ப்பு. பேரன், பேத்திக்கு தலா நான்கில் ஒன்று.

அந்தப் பேரனுக்கும் பேத்திக்கும் (மாமன் மகள் - அத்தை மகன்) கல்யாணம் ஆனால், பாதிப்புள்ள குழந்தை பிறக்க 64-ல் ஒரு வாய்ப்பு. அந்த மகன் தன் அக்கா மகளையே கட்டினால் அது 32-ல் ஒன்றாகிறது. சொந்தமே இல்லாத இடத்தில் முடித்தால் அந்தத் தாத்தாவின் 'மா'வுக்கு ஜோடி கிடைப்பது அரிது.

சொந்தத்தில் கட்டிய பெரும்பாலானோருக்கு நல்ல குழந்தைகள்தான் பிறக்கின்றன. ஆனால் வீட்டில் ஏற்கனவே ஒரு குழந்தைக்கு பாதிப்பு இருந்தால், அடுத்த சம்பந்தம் பேசும் முன் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தாது. கர்ப்பகாலத் தொற்று, குறைப்பிரசவம், மூளைக்காய்ச்சல் போன்றவற்றாலும் காது கேட்காமல் போகலாம். காது கேளாத இருவர் மணந்து, இருவருக்கும் பாதிக்கப்பட்ட மரபணு வேறு வேறாக இருந்தால், பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கும். அதனால் முடிவு சொல்ல வேண்டியது மரபணு பரிசோதனைதான்.

அரிவாள் செல் ரத்தசோகைக்கும் இதே கணக்குதான். இந்தியாவில் அது 1952-ல் நீலகிரி பழங்குடி மக்களிடம் முதலில் கண்டறியப்பட்டது. 2047-க்குள் அதை ஒழிக்க 2023 ஜூலை 1-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், கல்யாணத்துக்கு முன்பே மரபணு நிலையைத் தெரிந்துகொள்ள அட்டை தருகிறார்கள்.

என்ன செய்யலாம்?

- பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைக்கு செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். குறை இருந்தால் 6 மாதத்துக்குள் சிகிச்சையோ பயிற்சியோ தொடங்குவது பேச்சு வர உதவும்.
- தகுதியுள்ள சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது.
- அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும் முன் கணவன், மனைவி இருவருமே மரபணு ஆலோசனைக்குப் போங்கள். மனைவியை மட்டும் அனுப்பினால் பாதிக் கணக்குதான் கிடைக்கும்.