தில்லை மரத்துப் பால்

விடுமுறைக்குக் குழந்தைகளோடு எங்கே போகலாம் என்று யோசிக்கிறீர்களா? பாய், ஸ்டவ், புளியோதரைத் தூக்கு சகிதம் ஒரு வேனில் கிளம்பினோம் நாங்கள். சமையலும் தூக்கமும் அதிலேயே. கடலூர் வெள்ளிக் கடற்கரையில் காலைக் காப்பி, சிதம்பரத்தில் நடராஜர் தரிசனம், பிறகு பிச்சாவரம்.

படகு சுரபுன்னைக் காட்டுக்குள் நுழைந்ததும் வெயிலே தெரியவில்லை. வேர்களிலே நண்டுகள், கிளைகளிலே கொக்குகள். நீர்நாய்கூட உண்டாம், நாங்கள் போட்ட கூச்சலில் அது எங்கே வரும்! 2004-இல் சுனாமி வந்தபோது பின்னாலிருந்த கிராமங்களுக்கு அரணாக நின்றது இந்தக் காடுதான்.

என் சின்னவன் எட்டி ஒரு கிளையை ஒடித்தான். வெள்ளையாகப் பால் வடிந்தது.

"தம்பி, கண்ணைத் தொடாதே!" என்று படகுக்காரர் அலறினார். எனக்கு உயிரே போய்விட்டது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரமாம் அது. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கூஜாத் தண்ணீர் முழுவதையும் அவன் கையில் கொட்டினேன். சோப்போ வேனில்! கரைக்கு வரும்வரை அவன் கைகளை நான் விடவேயில்லை.

ஆகையால், சகோதரிகளே, குடிக்க ஒரு கூஜா, கழுவ ஒரு கூஜா. சோப்பு உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.