பூக்கவைக்கும் மருந்து என்று ஒன்று இல்லை

சத்தியவேட்டு உரக்கடையானாலும் சென்னைக் கல்லூரி வகுப்பறையானாலும் ஓதப்படும் பாடம் ஒன்றே: ஆக்சின் வேரைத் தரும், சைட்டோகைனின் தளிரைத் தரும், இன்ன ஹார்மோன் பூவைத் தரும். இது பாதி உண்மை. அந்தப் பாதியை முழு விலைக்கு விற்பது வணிகமாகிவிட்டது. அதையே மனப்பாடம் செய்யவைப்பது கல்வியாகிவிட்டது.

1957இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் நிறுவியது தனியொரு ஹார்மோனின் வல்லமையை அன்று; விகிதத்தின் வல்லமையை. ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர், இரண்டும் ஈடானால் உருவற்ற திசுத்திரள். 1973இல் டிரான் தான் வான் புகையிலையின் மேல்தோலைச் சில செல் அடுக்குகள் அளவே சீவி வளர்ப்பூடகத்தில் இட்டார். பூக்காம்பிலிருந்து எடுத்த சீவல் நேரே பூமொட்டு விட்டது. அடித்தண்டின் சீவலோ இலைத்தளிரே விட்டது. பூக்காம்புச் சீவலிலும் ஹார்மோன் விகிதத்தை மாற்றியபோது பூவுக்குப் பதில் தளிரோ வேரோ வந்தது. ஆக, ஹார்மோன் தனியே ஆணையிடுவதில்லை; திசு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

‘புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 1990இல் மூங்கில் நாற்றைச் சைட்டோகைனினும் இளநீரும் கொண்டு சில மாதங்களில் பூக்கவைத்தார்களே’ என்பர். உண்மைதான், அரிய சாதனைதான். ஆனால் அது குடுவைக்குள் நடந்தது. சர்க்கரை, உப்பு, ஒளி, வெப்பம் யாவும் அங்கே அளந்து தரப்பட்டன. தோப்பில் அளப்பவர் யார்?

பழைய சித்தூர் மாவட்டத்தின் வாழ்வு மாவைச் சார்ந்தது. குளிர்படாத கேரட்டைப் பூக்கவைக்கும் ஜிப்பரெலின், மாவில் பூவைத் தடுக்கிறது. அதனால்தான் ஜிப்பரெலின் உருவாவதைத் தடுக்கும் பாக்லோபியூட்ரசால் மாமரத்து வேரடியில் ஊற்றப்படுகிறது. அது மண்ணில் நெடுநாள் தங்குவது. அளவு மிஞ்சினால் அடுத்த தளிர்கள் குறுகிக் கொத்தாய் நின்றுவிடும். மரத்தின் வயதையும் கிளைவிரிவையும் பாராமல் எல்லா மரத்துக்கும் ஒரே மூடிக் கணக்குச் சொல்வது அறிவியலன்று.

குற்றம் ஹார்மோனின்மேல் இல்லை. எந்த மரத்துக்கு, எந்தப் பருவத்தில், எவ்வளவு, எப்போது கூடாது என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் உழவருக்குச் சொல்லாமல் புட்டியை மட்டும் நீட்டுவோர்மேல்தான் குற்றம். விளைச்சல் பொய்த்தால் கடன் உழவர் தலையில், விற்றவர்க்கு இழப்பில்லை. இந்நிலை மாறும்வரை ‘பூக்கும் மருந்து’ என்ற சொல்லையே உழவர்கள் ஐயத்தோடு கேட்க வேண்டும்; ஆய்வாளர்களும் அச்சொல்லை மறுத்துப் பேச வேண்டும்.